சாதி நாயும் சாக்குக் குட்டியும்

(ராஜபாளையத்தில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ராஜபாளையத்துக்கு வந்து நாயைப் பற்றிப் பேசுவது, திருநெல்வேலிக்குப் போய் அல்வா கிண்டிக் காட்டுவது மாதிரியான காரியம். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டு வாசலில் நாய் நிற்கிறது. சில நாய்களின் வயிற்றில் நான் போட்ட தையலின் தழும்பும் இருக்கிறது. அதனால் உங்கள் நாயைப் புகழ வரவில்லை. புகழ்ச்சி நிறையக் கேட்டிருப்பீர்கள். இன்றைக்குக் கொஞ்சம் வழக்குப் பேச வந்திருக்கிறேன். பிரதிவாதிகளின் பட்டியலில் முதல் பெயர் என்னுடையதுதான். பயப்படாமல் கேளுங்கள்.

ஒரு சொல்லில் இருந்து தொடங்குகிறேன். நம் பக்கத்தில் புதிதாக ஒரு நாயைப் பார்த்தால் என்ன கேட்கிறோம்? "சாதி நாயா, நாட்டு நாயா?" என்று கேட்கிறோம். இனம் என்பதெல்லாம் புத்தகத்துச் சொல். பேச்சில் சாதிதான். பெட்டை வேலியைத் தாண்டிப் போய்த் தெருநாயோடு சேர்ந்துவிட்டால், "சாதி கெட்டுப்போச்சு" என்கிறோம். அந்த ஈத்தில் பிறக்கும் குட்டிகளுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெருவில் திரியும் நாய்க்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரோ இன்னும் மோசம். நம் மண்ணில் ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரை எடுத்து, அதை இழிசொல்லாக்கி, ‘பரியா’ நாய் என்று எழுதிவைத்தான். நான் படிக்கும்போது பரீட்சைத் தாளில் அந்தப் பெயரை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். கை கூசவில்லை. மனிதர்களிடம் வெளியே சொல்ல வெட்கப்படும் ஒன்றை, நாயிடம் மட்டும் நாம் சத்தமாகவே பேசிவருகிறோம்.

ஆனால் நம் முன்னோர்கள் நாயைச் சாதி பார்த்து வளர்க்கவில்லை, வேலை பார்த்து வளர்த்தார்கள். ராஜபாளையம் காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் நின்ற நாய். சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல்காட்டில் முயலின் பின்னால் ஓடின. கோம்பை, தேனிப் பக்கம் மலையடிவாரத்துத் தோட்டங்களைக் காத்தது. ஓடாத நாயிடம் குட்டி எடுக்க மாட்டார்கள். சொந்தக்காரனைக் கடிக்கும் நாயிடமும் எடுக்க மாட்டார்கள். மூக்கின் நிறத்தை யாரும் அளந்து பார்த்ததில்லை. கன்னிக்கு அந்தப் பெயர் வந்ததே, கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்கு அதைச் சீராகக் கொடுத்ததால்தான் என்றும், விலைக்கு விற்கும் வழக்கம் இல்லை என்றும் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சீராகக் கொடுத்த நாயில் ஒரு வசதி உண்டு. சம்பந்தி வீட்டுக்குப் போகும்போது, "நாய் எப்படி இருக்கு?" என்று கேட்கலாம். மெலிந்து கிடந்தால் கோபித்துக்கொள்ளலாம். குட்டி கை மாறினாலும் கொடுத்தவனுக்கும் அதற்கும் இருந்த நூல் அறுந்துபோகவில்லை. இன்று நான் சொல்ல வந்ததெல்லாம் அந்த நூலைப் பற்றித்தான்.

அந்தக் காலத்தை ஒரேயடியாகத் தூக்கிவைக்கவும் நான் தயாரில்லை. வேண்டாத குட்டியைக் கிணற்றில் போட்டதும் அதே பெரியவர்கள்தான்.

பிறகு நம் நாய்க்கு யோகம் அடித்தது. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. இமயமலை மேய்ப்பு நாய், ராம்பூர், முதோள் ஆகியவற்றோடு நம் ராஜபாளையமும் அதில் இருந்தது. 2020 ஆகஸ்ட் 30 அன்று வானொலியில் பிரதமர் ‘மனதின் குரல்’ நிகழ்ச்சியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லி, நாய் வாங்குவோர் இவற்றை வாங்குங்கள் என்றார். அந்த வாரம் முழுக்க என் போன் ஓயவில்லை. "டாக்டரய்யா, நல்ல குட்டி இருந்தாச் சொல்லுங்க." நல்ல குட்டி என்றால் என்னவென்று திருப்பிக் கேட்டேன். பத்தில் ஒன்பது பேர் ஒரே பதில் சொன்னார்கள். பால் மாதிரி வெள்ளை, ரோஸ் கலர் மூக்கு, ஒரு பொட்டு கறுப்பு இருக்கக் கூடாது.

அந்த வெள்ளையைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒருவர் கூடை நிறையக் குட்டிகளோடு வந்தார். ஏழு குட்டிகள், ஐந்து வாரம் இருக்கும். பூச்சி மருந்து கொடுக்க வந்திருந்தார். எல்லாம் தும்பைப்பூ மாதிரி வெள்ளை. என் உதவியாளர் கையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டு தவறித் தரையில் விழுந்தது. ஆறு குட்டிகள் துள்ளி எழுந்தன. ஒன்று மட்டும் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் தனி அறையில் விட்டு, அதன் முதுகுக்குப் பின்னால் நின்று, தட்டில் சாவிக்கொத்தால் அடித்தேன். காற்று படாமல், நிழல் விழாமல், நாலைந்து தடவை. குட்டி தன் பாட்டுக்கு என் செருப்பு வாரைக் கடித்துக்கொண்டிருந்தது. முழுச் செவிடு.

அவரிடம் சொன்னேன். அவர் அதிர்ச்சியடைவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "போன ஈத்துலயும் ஒண்ணு இப்படி இருந்துச்சு, சார்" என்றார். அது எங்கே என்றேன். "வெளியூர்க்காரங்க வாங்கிட்டுப் போனாங்க. கண்டுபிடிக்க மாசக் கணக்காகும்ல."

கெட்ட மனிதர் இல்லை அவர். குட்டிகளைத் தன் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தவர். தாய்க்குத் தினமும் முட்டை கொடுப்பவர். ஆனால் விற்ற நிமிஷத்தில் நூல் அறுந்துவிட்டது என்று அவர் உண்மையாகவே நம்பினார். சாலையில் வரும் லாரியின் ஹாரன் கேட்காத ஒரு நாய், தூங்கும்போது குழந்தை வந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடித்துவிடக்கூடிய ஒரு நாய், ஏதோ ஒரு வெளியூரில் இருந்தது. கடித்தால் அந்த ஊர்க்காரர்கள் என்ன சொல்வார்கள்? "ராஜபாளையம் நாயே இப்படித்தான், மூர்க்கம்" என்பார்கள்.

இதற்குக் காரணம் மாயமில்லை. தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் கொடுக்கிற அதே நிறமிச் செல்கள் உள்காதிலும் இருக்கின்றன. அங்கே அவற்றின் வேலை நிறம் தருவதல்ல. காது நத்தைக்குள் இருக்கும் திரவத்தின் உப்புச் சமநிலையைக் காப்பது. நாம் வெள்ளைக்கு மேல் வெள்ளையாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போகும்போது, நிறமிச் செல்லே போய்ச் சேராத குட்டிகளைத் தேர்ந்தெடுக்கிறோம். அந்தச் செல் காதுக்கும் போகாவிட்டால், பிறந்த மூன்று நான்கு வாரத்தில் கேட்கும் நரம்பு முனைகள் வாடிவிடுகின்றன. வெள்ளைத் தோலில் புள்ளி போட்ட டால்மேஷியனுக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் சோதித்த டால்மேஷியன்களில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு ஒரு காதாவது கேட்கவில்லை. ஒரு காது மட்டும் போன குட்டியைத் தட்டு தட்டிக் கண்டுபிடிக்க முடியாது. அது விலை போகும், குட்டியும் போடும்.

ஆகவே ஒரு பொட்டு கறுப்பு இருக்கக் கூடாது என்று கேட்பவர், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு செவிட்டுக் குட்டிக்கும் சேர்த்து முன்பணம் கொடுக்கிறார்.

இந்தச் சுத்தப் பித்து எங்கிருந்து வந்தது? 1859-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் முதல் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873-இல் லண்டனில் கென்னல் கிளப் பிறந்தது. அது ஒரு பேரேடு திறந்தது. அதில் பெயர் ஏறிய நாய்கள் தங்களுக்குள்ளேயே சேர வேண்டும்; வெளியிலிருந்து ரத்தம் வரக் கூடாது. நம் பாஷையில் சொன்னால் கொண்டான் கொடுத்தான் எல்லாம் ஒரே வீட்டுக்குள். நாம் மாமன் மகளைக் கட்டினால் டாக்டர் எச்சரிக்கிறார். நாயில் அப்பனுக்கும் மகளுக்கும் சேர்த்துவைத்து, அதற்கு ‘லைன் பிரீடிங்’ என்று கௌரவமாகப் பெயரும் வைத்திருக்கிறோம். நம் ஊரில் பேரேடு இல்லாமலே இது நடக்கிறது. ஓர் ஆண் நாய் கண்காட்சியில் கோப்பை வாங்கிவிட்டால், சுற்றுவட்டாரத்துப் பெட்டைகளெல்லாம் அதன் வாசலில்தான். நாலு தலைமுறை கழித்துப் பார்த்தால் எல்லோரும் அதன் பேரன் பேத்திகள். சென்னை சைதாப்பேட்டையில் அரசே நாட்டு நாய்களுக்காக ஒரு வளர்ப்பு நிலையம் நடத்தியது. அதன் நிலைமை பற்றிய வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய், கடைசியில் மூடப்பட்டது. அரசாங்கம் செய்தாலும் தனியார் செய்தாலும், மூடிய வட்டத்துக்குள் சுற்றினால் வந்து சேருகிற இடம் ஒன்றுதான்.

டால்மேஷியனைப் பற்றி இன்னொரு கதை சொல்லாமல் விட மனமில்லை. சுத்த ரத்தம் என்று பேசுகிறவர்கள் எல்லோரும் கேட்க வேண்டிய கதை அது. உலகத்தில் இருந்த அத்தனை டால்மேஷியன்களுக்கும் ஒரு மரபணுப் பிழை பொதுவாக இருந்தது. யூரிக் அமிலம் சிறுநீரில் மிகுந்து கல்லாகி அடைக்கும். வெளியிலிருந்து நல்ல மரபணு வந்தாலொழிய அந்த வட்டத்துக்குள் இதற்கு மருந்தே இல்லை. 1973-இல் ராபர்ட் ஷைபிள் என்ற அமெரிக்க மரபியலாளர், ஒரே ஒரு முறை, ஒரு டால்மேஷியனை ஒரு பாயின்டர் நாயோடு சேர்த்தார். பிறந்த குட்டிகளை மறுபடி மறுபடி டால்மேஷியன்களோடே சேர்த்துக்கொண்டு போனார். சில தலைமுறையில் பார்வைக்கு முழு டால்மேஷியன், உள்ளே கல் வராத டால்மேஷியன். 1981-இல் அமெரிக்கன் கென்னல் கிளப் அதன் வழிவந்த இரண்டு நாய்களைப் பதிவு செய்தது. இனச் சங்கத்துக்காரர்கள் கொதித்தார்கள். ரத்தம் கலந்துவிட்டதாம். பதிவு நிறுத்தப்பட்டது. மறுபடி கதவு திறந்தது 2011-இல். அதாவது, நோய் தீர்க்கும் வழி கையில் இருந்தும், ‘சாதி கெட்டுப்போச்சு’ என்ற ஒரே காரணத்துக்காக முப்பது வருஷம் நாய்கள் மூத்திரம் போக முடியாமல் துடித்தன. இந்த வியாதி நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் ஆறுதல் அடையலாம்.

குட்டை மூக்கு நாய்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பக் என்ற பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. ‘ஹட்ச் நாய்’ என்றால் தெரியும். 2003-இல் வந்த செல்போன் விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னாலேயே ஓடிய நாய் அது. அந்த விளம்பரம் வந்த பிறகு அந்த நாய் இல்லாத அடுக்குமாடி இல்லை என்றாகிவிட்டது. தட்டையான முகத்துக்குள் மூச்சுக்குழாய்க்கு இடம் இல்லை. நாய் வியர்த்துச் சூட்டை ஆற்றாது, மூச்சு வாங்கித்தான் ஆற்றும். மூச்சே வாங்க முடியாத ஒரு நாயைக் கொண்டுவந்து மே மாதத்து மதுரையில் விட்டோம். தூங்கும்போது அது குறட்டை விடுவதைப் பிள்ளைகள் செல்போனில் படமெடுத்துச் சிரிக்கிறார்கள். அது மூச்சுக்குப் போராடும் சத்தம். புல்டாக், பிரெஞ்சு புல்டாக் இரண்டிலும் 80 சதவீதத்துக்கு மேல் வயிற்றைக் கிழித்துத்தான் குட்டி எடுக்க வேண்டியிருக்கிறது என்று பிரிட்டனில் 2010-இல் ஓர் ஆய்வு சொன்னது. தானாகப் பிரசவிக்க முடியாத ஓர் உயிரைத் தொடர்ந்து உருவாக்குவதற்கு என்ன பெயர் சொல்வது?

நார்வேயில் இதை நீதிமன்றத்துக்கே கொண்டுபோனார்கள். 2023 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கவேலியர் கிங் சார்ல்ஸ் நாயை இனப்பெருக்கம் செய்வது விலங்கு நலச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. மண்டையோடு மூளைக்குப் போதாமல் சிறுத்துப்போன இனம் அது. இதே வழக்கில் புல்டாக்குக்குத் தடை இல்லை என்றது. ஆகவே ஒரேயடியாகக் கோடாலி எடுக்கவில்லை, இனம் இனமாக எடைபோட்டுப் பார்த்தார்கள். தமிழ்நாடு அரசும் 2024-இல் நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, நம் வெயிலுக்கு ஒவ்வாத ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு, பக் போன்றவற்றை இங்கே பெருக்கக் கூடாது என்றது. வளர்ப்பவர்கள் தரப்பில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. சட்டம் போட்ட விதத்தில் ஆயிரம் குறை இருக்கலாம். கொள்கை சரி என்பது என் கட்சி. பனியில் வண்டி இழுக்கப் பிறந்த நாயை ஏ.சி. அறையில் பூட்டிவைப்பதை நான் பாசம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் முதல் பிரதிவாதி என்று சொன்னேன் அல்லவா? வேலைக்குச் சேர்ந்த புதிதில் டாபர்மேன் குட்டிகளுக்கு வாலை நறுக்கியிருக்கிறேன். காதைக் கத்தரித்து அட்டை வைத்துக் கட்டியிருக்கிறேன். ‘அதுதான் லட்சணம்’ என்று புத்தகத்தில் இருந்தது, காசும் வந்தது. நாய் தன் மகிழ்ச்சியைச் சொல்ல வைத்திருப்பதே அந்த வால் ஒன்றுதான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இனி சாக்குக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தை முடிந்த மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், கறிக்கடை ஓரம், கோயில் வாசல். வாய் கட்டிய சாக்குக்குள் ஏதோ நெளியும். அவிழ்த்தால் நாலு குட்டிகள். நாலும் பெட்டையாக இருக்கும். ஆண் குட்டிக்கு ஆள் கிடைக்கும், பெட்டைக்குக் கிடைக்காது. பெட்டை என்றால் பருவத்துக்கு வரும், தெரு நாயெல்லாம் வாசலில் கூடும், குட்டி போடும், யார் பார்ப்பது? எனவே சாக்கு. பெண்பிள்ளை வேண்டாம் என்ற பழைய கணக்கை இந்த மாவட்டங்களில் நான் விளக்க வேண்டியதில்லை. விசித்திரம் என்னவென்றால், குட்டி போடும் என்ற பயத்தில் பெட்டையைத் தெருவில் விடுகிறோம். தெருவில்தான் அது கேட்பாரில்லாமல் குட்டி போடுகிறது. எட்டு மாதத்தில் முதல் பருவம், வருஷத்துக்கு இரண்டு முறை, 63 நாள் சினை, ஐந்தாறு குட்டி.

ஒரு ஜோடி நாய் ஆறு வருஷத்தில் 67,000 ஆகும் என்று சுவரொட்டியில் போடுவார்கள். அதை நம்பாதீர்கள். காகிதத்தில் பெருக்கிப் பார்த்த கணக்கு அது. தெருவில் நடப்பது வேறு. மேற்கு வங்கத்தில் ஆய்வாளர்கள் 95 ஈத்துகளில் பிறந்த 364 தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஏழு மாதம் வரை பிழைத்தவை 19 சதவீதம். இறந்தவற்றில் பாதிக்கு மேல் மனிதரால் நேர்ந்தவை. ஆக, தெருவில் நாய் பெருகுகிறது என்று நாம் பார்ப்பது, ஐந்தில் நாலு குட்டி செத்த பிறகு மிஞ்சியதை. கருத்தடை செய்யாமல் விடுவது இயற்கை வழி என்று யாராவது சொன்னால், அந்த இயற்கை எப்படி இருக்கும் என்பதை இந்தக் கணக்கு சொல்கிறது. லாரிச் சக்கரம், கல்லடி, சொறி, பார்வோ கழிச்சல்.

இதற்கு முன்னால் நாம் கையாண்ட வழி கொலை. சென்னை மாநகராட்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. 1995 வாக்கில் ஒரு நாளைக்கு 135 வரை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள் என்று விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். தோல் மிஞ்சிப்போய், அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்தில் நாய்த் தோலில் கழுத்துப் பட்டையும் பணப்பையும் வடிவமைத்துப் பார்த்தார்கள் என்பதும் அவர் சொன்ன செய்திதான். நூறு வருஷத்துக்கு மேல் கொன்றும் நாய் குறையவில்லை, வெறிநோயும் குறையவில்லை. கொன்றால் அந்த இடத்துச் சோற்றுக்கும் குப்பைக்கும் பக்கத்துத் தெரு நாய் வரும். ப்ளூ கிராஸ்காரர்கள் 1964-லேயே மாற்று வழி சொன்னார்கள்: பிடி, கருத்தடை செய், வெறிநோய்த் தடுப்பூசி போடு, பிடித்த இடத்திலேயே விடு. மாநகராட்சி அதைக் கேட்க 1996 ஆயிற்று. 2001-இல் அதுவே நாடு முழுவதற்கும் விதியானது, 2023-இல் புதுப்பிக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் டெல்லி நாய்களையெல்லாம் பிடித்து அடையுங்கள் என்று உச்ச நீதிமன்றம் முதலில் உத்தரவிட்டதும், பதினோரே நாளில் பெரிய அமர்வு அதைத் திருத்தி, வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றை ஊசி போட்டு அதே இடத்தில் விடச் சொன்னதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

வழி சரியானதுதான், வேகம்தான் போதவில்லை. ஒரு பகுதியில் பத்துக்கு ஏழு நாய்க்காவது செய்தால்தான் எண்ணிக்கை இறங்கும். சென்னை மாநகராட்சியின் 2018 கணக்கெடுப்பில் சுமார் 57 ஆயிரமாக இருந்த தெருநாய்கள் 2024-இல் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம். கருத்தடை ஆனவை 27 சதவீதம். அதே 2024-இல் தமிழ்நாட்டில் நாய்க்கடி பட்டவர்கள் ஏறத்தாழ 4 லட்சத்து 80 ஆயிரம் பேர். வெறிநோயில் இறந்தவர்கள் 43 பேர். நாய்ப் பிரியர்கள் இந்த 43-ஐச் சொல்லாமல் நாய்க்காகப் பேசக் கூடாது. எனக்கு அதில் சமரசம் கிடையாது. தண்ணீரைக் கண்டு அலறும் ஒரு பிள்ளையை ஒரு முறை பார்த்தவன் சமரசம் செய்ய மாட்டான்.

வளர்ப்பு நாய்க்குக் கருத்தடை என்றதும் நம் வீடுகளில் எழும் பேச்சே வேறு. "ஒரு தடவையாவது தாயாகட்டும் சார், பாவம்." "ஆம்பளை நாய்க்கு எடுத்துட்டா வீரம் போயிரும்." இரண்டாவது பேச்சு யாருடைய வீரத்தைப் பற்றியது என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. மயக்க மருந்துகூட இல்லாமல் காளைக்குக் காயடித்த சமூகம் நாம். வண்டி மாட்டுக்கும் உழவு மாட்டுக்கும் காயடித்தபோது பாவம் வரவில்லை. நாயிடம் வருகிறது. முதல் பேச்சில் ஈரம் இருக்கிறது, அதனால் அதற்குப் பதில் சொல்கிறேன். ஒரு முறை குட்டி போட்டால் பெட்டையின் உடம்புக்கு நல்லது என்பதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் கிடையாது. மாறாக, கருப்பையை விட்டுவைத்தால் வயதான காலத்தில் அதில் சீழ் கட்டலாம். ஸ்வீடனில் ஆரோக்கியமான நாய்க்குக் கருத்தடை செய்யும் வழக்கம் குறைவு. அங்கே காப்பீட்டுக் கணக்கை எடுத்துப் பார்த்ததில், பத்து வயதுக்குள் நாலில் ஒரு பெட்டைக்கு இந்தச் சீழ் நோய் வந்திருந்தது. இரவு பதினொரு மணிக்கு, குடம் மாதிரி வீங்கிய வயிற்றோடு இப்படி வந்த பெட்டைகள் எத்தனையோ. பாதியைக் காப்பாற்றினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. கருத்தடை எல்லா நாய்க்கும் எல்லா வயதிலும் நல்லது என்று எங்கள் தொழிலில் பலர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னோம். கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் ஹார்ட் குழுவினர் 2013-இல் கோல்டன் ரெட்ரீவர் நாய்களை ஆராய்ந்தார்கள். ஒரு வயதுக்கு முன்பே செய்யப்பட்டவற்றுக்கு இடுப்பு, முழங்கால் மூட்டுக் கோளாறு அதிகம். கருத்தடை ஆனவற்றில் சில புற்றுநோய்களும் அதிகம். எலும்பு வளர்ந்து முடிய அந்தச் சுரப்பு நீர்கள் வேண்டும். ஆகவே ராஜபாளையம் மாதிரி உயரமான நாய்க்கு ஆறு மாதத்திலேயே கத்தி வைக்க வேண்டாம். உடம்பு கட்டி முடியட்டும், அதுவரை பருவ காலத்தில் கதவைச் சாத்திவையுங்கள். கதவைச் சாத்தும் ஒழுக்கம் இல்லாத வீடு என்றால், மூட்டுக் கோளாறை விடக் குட்டியே பெரிய ஆபத்து, முன்பே செய்துவிடுங்கள். தெருநாய்க்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் பொருந்தாது. அதற்குக் கதவே கிடையாது.

எல்லா நாய்க்கும் கருத்தடை செய்துவிட்டால் ராஜபாளையம் இனமே அழிந்துபோகாதா என்று இங்கே யாராவது கேட்பீர்கள். நல்ல கேள்வி. இனம் நிற்க ஊரில் எல்லோரும் குட்டி எடுக்க வேண்டியதில்லை. பத்து வீடு ஒழுங்காக எடுத்தால் போதும். அந்தப் பத்து வீடுகள் வேறு வேறு வழிவந்த நாய்களை வைத்திருக்க வேண்டும், யார் யாருக்குப் பிறந்தது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும், கறுப்புப் பொட்டும் கறுத்த மூக்கும் உள்ள நாயைத் தள்ளக் கூடாது. நாயினத்தைக் காப்பாற்றப் பிறந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு மொட்டைமாடிக் கூண்டில் வருஷம் இரண்டு ஈத்து எடுப்பவர்களை அந்தப் பத்தில் சேர்க்க மாட்டேன். 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. பெட்டைக்கு 18 மாதம் ஆகாமல் சேர்க்கக் கூடாது, எட்டு வயதுக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது, எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது, மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் தொழிலே நடத்தக் கூடாது. இந்த விதிகளைப் படித்த வளர்ப்பாளர்களை என் இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தாயைக் காட்டச் சொல்லுங்கள். தாயைக் காட்டாத இடத்தில் குட்டி வாங்காதீர்கள். "இதுக்கு முன்னாடி வித்த குட்டிங்க இப்ப எங்கே இருக்கு?" என்று கேளுங்கள். பதில் தெரிந்தவரிடம் வாங்குங்கள். வளர்க்க முடியாமல் போனால் இந்த நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்றும் கேளுங்கள். எடுத்துக்கொள்வேன் என்று சொல்லும் வளர்ப்பாளர் பழைய சம்பந்தி வீட்டு மரியாதையோடு இருப்பவர். மற்றவர் கடைக்காரர்.

அந்தச் செவிட்டுக் குட்டி என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். என் வீட்டில்தான் இருக்கிறது. பெயர் வைத்தோம், ஆனால் கூப்பிட்டுப் பயனில்லை. தரையில் காலால் தட்டினால் அதிர்வில் திரும்பிப் பார்க்கும். கையசைவில் உட்காரும், எழும், வரும். கருத்தடை செய்தாயிற்று. கேட்டைத் தாண்டி ஒரு நாளும் அவிழ்த்து விட்டதில்லை.

உங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். வீட்டில் குட்டி போட்டிருந்தால், ஐந்து வாரம் ஆனதும், விற்பதற்கு முன்னால், கூடையோடு என்னிடம் கொண்டுவாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் வந்தால் நல்லது, அப்போதுதான் தெருவில் சத்தம் குறைவு. காசு வேண்டாம். தட்டும் சாவிக்கொத்தும் என்னிடம் இருக்கின்றன.